உள்ளே இருப்பதெல்லாம் பாகம்தான்

தையல்காரம்மாவின் வண்டி ஒரு குறையும் இல்லாமல்தான் இருந்தது, குறை வராமல் காக்கிறவர்களிடம் அதைக் கொண்டுபோய் விடும்வரை.

அது ஒரு வீட்டு வண்டி. சினிமா நட்சத்திரங்கள் ஏறி உட்கார்ந்துகொள்வார்களே கேரவன், அதற்கு ஒன்றுவிட்ட ஏழைத் தங்கை. உள்ளே ஒரு ஆள் காலை நீட்டிப் படுக்கக் கட்டில், ஒற்றை அடுப்பு, கை கழுவ ஒரு தொட்டி, குனிய மறந்தால் மண்டையைப் பதம் பார்க்கும் அலமாரி. உல்லாசமாக ஊர் சுற்ற வாங்கியதல்ல. பஸ் ஓட்டி ஓட்டியே முதுகெலும்பைத் தேய்த்துக்கொண்ட அவள் புருஷனால் கொஞ்ச நேரத்துக்கு மேல் உட்கார முடியாது. படுத்துக்கொண்டு போவதாக இருந்தால் எங்கே வேண்டுமானாலும் போகலாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். மகளோ வெகு தூரத்து நகரத்தில் ஏழு மாதக் கர்ப்பமாக இருந்தாள். தலைப்பிரசவம். மாப்பிள்ளை கப்பலில் வேலை, நடுக்கடலில். "நீ பக்கத்துல இருந்தாப் போதும்மா. அப்பாவையும் எப்படியாவது கூட்டிட்டு வந்துடு" என்று போனில் சொல்லும்போதே அவள் குரல் உடைந்தது.

அதனால்தான் இருந்ததை எல்லாம் வழித்துப் போட்டு வண்டியை வாங்கினார்கள். ஜன்னலுக்குத் தையல்காரம்மாவே திரை தைத்தாள். வெட்டுத் துணியில் மஞ்சள் வாத்துகளைக் கத்தரித்து வரிசையாக வைத்துத் தைத்த திரை. பிறக்கிற குழந்தை கண் விழித்துப் பார்க்க ஏதாவது வேண்டாமா? கடைசி வாத்துக்கு வரும்போது கறுப்பு நூல் தீர்ந்துவிட்டது. அதற்கு மட்டும் சிவப்புக் கண் வைத்தாள்.

கிளம்ப வேண்டியதுதான் பாக்கி. ஆனால் எந்த வீட்டு வண்டியும் காப்பு வில்லை ஒட்டாமல் நகர எல்லையைத் தாண்டக் கூடாது என்று சட்டம் இருந்தது. அந்த வில்லையைக் கொடுப்பது உல்லாச ஊர்திகள் முன்தடுப்புப் பராமரிப்பு ஆணையம். வாசல் வளைவில் ஆளுயர எழுத்தில் 'வருமுன் காப்போம்' என்று எழுதியிருப்பார்கள். வருமுன் காப்பார்களோ என்னவோ, வந்தபின் விடமாட்டார்கள் என்று ஊரில் சொல்வார்கள். தையல்காரம்மா ஊர்ப் பேச்சைக் கேட்கிறவள் அல்ல. கேட்டிருக்கலாம்.

வண்டியை ஓட்டிக்கொண்டு வந்தவன் அவள் கொழுந்தன். உட்கார வைத்தால் சாய்வான், சாய்ந்தால் தூங்குவான். ஸ்டியரிங் கையில் இருக்கும்போது மட்டும் தூங்க மாட்டான். அது அண்ணன்காரன் அவன் தலையில் குட்டிக் குட்டிச் சொல்லிக்கொடுத்த பாடம்.

உள்ளே போனால் கண்ணுக்கு எட்டின மட்டும் மைதானம். வீட்டு வண்டிகள் கட்டிப்போட்ட மாடுகளைப் போல நின்றன. சக்கரம் மறையும் அளவுக்குப் புல். சில வண்டிகளின் புகைக்குழாயில் குருவி கூடு கட்டியிருந்தது. உரிமையாளர்கள் ஒரு நீண்ட தகரக் கொட்டகையில் வரிசையாக நின்றார்கள். வரிசையில் ஒருவர் வண்டியைக் கொண்டுவந்தபோது பிரம்மச்சாரியாம். பின்னால் நின்ற பெண்ணோடு பேச்சுக் கொடுத்து, பிடித்துப்போய், கல்யாணமும் முடிந்து, இப்போது இருவருமாக அதே வரிசையில் நின்றுகொண்டிருந்தார்கள். தையல்காரம்மா அப்போதே வண்டியைத் திருப்பியிருக்க வேண்டும்.

தலைமைப் பரிசோதகர் வந்தார். சின்னச் சுத்தியல் ஒன்று எப்போதும் கையில் இருப்பதால் அவரைச் சுத்தியல் என்றே எல்லோரும் சொன்னார்கள். லஞ்சம் வாங்காதவர், சிரிக்காதவர், விதியைத் தவிர வேறொன்றையும் வாசிக்காதவர். அவர் மட்டும் லஞ்சம் வாங்குகிறவராக இருந்திருந்தால் தையல்காரம்மா மறுநாளே மகள் வீட்டில் இருந்திருப்பாள்.

அவர் டயரைத் தட்டினார், கதவைத் தட்டினார், அடுப்பைத் தட்டினார். பிறகு ஏணி வைத்துக் கூரைமேல் ஏறினார்.

"கூரைதாம்மா வண்டிக்கு உயிர். மூட்டுல ஒட்டு விட்டுச்சுன்னா தண்ணி இறங்கும். தண்ணி இறங்கினா பலகை ஊறும். பலகை ஊறினா வண்டி போச்சு" என்றார் மேலிருந்து.

"நியாயந்தாங்க சார்."

"அதனால ஒட்டு கெட்டியா இருக்கான்னு பாக்கணும்."

"மேலாகப் பாத்தாத் தெரியாதுங்களா?"

"மேலாகப் பாத்தா மேல இருக்கறதுதாம்மா தெரியும்" என்று சொல்லித் துளைக் கருவியை எடுத்தார். சற்று நேரத்தில் வண்டியின் உட்கூரையில் அவருடைய ஆள்காட்டி விரல் முளைத்து அசைந்தது.

"பிரமாதமான ஒட்டு! என் சர்வீஸ்ல இப்படி ஒரு ஒட்டைப் பாத்ததில்ல" என்றபடி இறங்கினார். தையல்காரம்மாவுக்கு முகம் மலர்ந்தது. "ஆனா கூரையில ஓட்டை இருக்கேம்மா. வில்லை குடுக்க முடியாது."

"நீங்கதானே சார் போட்டீங்க?"

"யார் போட்டாங்கறது போலீஸ் வேலை. இருக்கா இல்லையாங்கறதுதான் எங்க வேலை."

அவள் வாயைத் திறப்பதற்குள் ஊழியர்கள் இருவர் கதவுக்குக் குறுக்கே அகலமான மஞ்சள் பட்டையை ஒட்டிவிட்டார்கள். அந்த நேரம் பார்த்து வண்டிக்குள்ளிருந்து கம்பீரமாக ஒரு குறட்டைச் சத்தம் வந்தது.

"ஐயையோ, உள்ள ஆள் இருக்காருங்க! என் கொழுந்தன்!"

சுத்தியல் கதவில் காதை வைத்துக் கேட்டார். "பட்டை ஒட்டியாச்சேம்மா."

"பிரிச்சுட்டு ஒட்டுங்க."

"ஒட்டின பட்டையப் பிரிக்கணும்னா ஆணையர் கையெழுத்து வேணும். அதுவும் அவரு ரூம்ல, அவரு நாற்காலியில உக்காந்து போடணும். விதி தெளிவா இருக்கு. பட்டை ஒட்டும்போது உள்ளே இருப்பது எதுவாயினும் அது ஊர்தியின் பாகம்." பிறகு தன் உதவியாளரிடம் சத்தமாகச் சொன்னார்: "கட்டில் ஒண்ணு. அடுப்பு ஒண்ணு. கொழுந்தன் ஒண்ணு."

கொழுந்தன் விழித்து ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினான். "அண்ணி, ஊர் வந்தாச்சா?"

சுத்தியல் ஜன்னலுக்குள் கையை விட்டு அவன் முட்டியைத் தட்டிப் பார்த்தார். "ஓசை திருப்தி" என்றார்.

தையல்காரம்மா அழுதாள், கெஞ்சினாள், கடைசியில் கத்தினாள். கொட்டகையில் இருந்தவர்கள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அவர்களும் ஆளாளுக்கு ஒருமுறை கத்தி ஓய்ந்தவர்கள்தான்.

சரி, வண்டி கிடக்கட்டும், தான் மட்டுமாவது ரயிலேறி மகளிடம் போய்விடலாம் என்று பார்த்தாள். அதற்கும் வழி இல்லை. தினமும் காலையில் வரிசையில் பெயர் கூப்பிடுவார்கள். உரிமையாளர் நேரில் நின்று குரல் கொடுக்க வேண்டும். மூன்று தடவை குரல் வராவிட்டால் வண்டி கைவிடப்பட்டதாகக் கருதப்பட்டு, மைதானத்தின் பின்கோடியில் இருக்கும் நசுக்கு எந்திரத்துக்குப் போய்விடும்.

"அப்ப உள்ள இருக்கறவரு?" என்று கேட்டாள்.

"பாகங்களத் தனியாப் பிரிக்கற வழக்கம் இல்லம்மா" என்றார் சுத்தியல்.

பக்கத்து வீட்டுக்காரியைத் தன் சார்பில் நிற்கவைக்கலாமா என்று கேட்டுப் பார்த்தாள். அதற்கும் நேரில் என்றால் நேரில்தான் என்று பதில் வந்தது. புருஷனுக்குச் சாப்பாடு கொடுக்கும் பொறுப்பை அந்தப் பக்கத்து வீட்டுக்காரியிடம் விட்டுவிட்டு, இவள் விடிந்தால் வரிசை, இருட்டினால் வீடு என்று ஆனாள். கொழுந்தனுக்கு ஜன்னல் வழியாகச் சாப்பாடு. அவன் ஒரு குறையும் சொல்லவில்லை. வாழ்க்கையிலேயே முதல்முறையாக அவனை யாரும் எழுப்பவில்லை.

அப்புறம் மழை பெய்தது. சுத்தியல் போட்ட துளை வழியாகத் தண்ணீர் இறங்கி மெத்தையில் பூஞ்சை பூத்தது. துளையை அடைத்து மறுபரிசோதனைக்கு நின்றால் பூஞ்சைக்காக வண்டி தோற்றது. பூஞ்சையைத் துடைத்துக் காயவைப்பதற்குள், நின்ற இடத்திலேயே நின்றதால் டயர்கள் அடிப்பக்கம் தட்டையாகிவிட்டன. டயருக்காகத் தோற்றது. அடுத்து பேட்டரி செத்தது.

"ஓட்டாம நிறுத்தி வச்சா பேட்டரி செத்துத்தானே சார் போகும்?" என்றாள் தையல்காரம்மா.

"நின்ன வண்டிக்கே இந்த கதின்னா, ஓட்டியிருந்தா என்ன ஆகியிருக்கும்னு யோசிச்சுப் பாருங்க" என்றார் சுத்தியல். உண்மையான கவலையோடுதான் சொன்னார்.

அதற்கடுத்த முறை வண்டி எடை கூடிவிட்டதற்காகத் தோற்றது. கொழுந்தன் தின்று தின்று பெருத்திருந்தான். பாகத்தின் எடை மாறினால் அது அனுமதியின்றிச் செய்த மாற்றமாம். இனி அவனுக்குச் சோற்றைக் குறைக்க வேண்டும் என்று தையல்காரம்மா சொன்னபோதுதான் அவனுக்கு ஆணையத்தின்மேல் முதல்முதலாகக் கோபம் வந்தது.

மகளுக்கு நாள் நெருங்கியது. தையல்காரம்மா ஆணையர் அறைக்கு வெளியே தவம் கிடந்து ஒருவழியாக உள்ளே போனாள். ஆணையர் வழுவழுவென்று இருந்தார். மேசைமேல் கண்ணாடிப் பெட்டிக்குள் பொம்மை வண்டி ஒன்று இருந்தது. அதற்கும் சின்னதாக ஒரு மஞ்சள் பட்டை.

"ஐயா, என் பொண்ணுக்குத் தலைப்பிரசவம். கூட ஒரு ஆள் இல்ல. ஒரே ஒரு கையெழுத்துப் போட்டீங்கன்னா இன்னிக்கே கிளம்பிடுவோம்."

ஆணையர் நாற்காலியில் சாய்ந்தார். கேட்கிறவர் ஒருவர் கிடைத்தாலும் அவருக்கு அது மேடைதான். "அம்மா, இந்த ஆணையம் தொடங்கினதுலேருந்து எங்க காப்புல இருக்கற வண்டி ஒண்ணுகூட ரோட்டுல நின்னதில்ல, விபத்துல சிக்கினதில்ல. உலகத்துல வேற எந்த நாட்டுக்காவது இந்தப் பெருமை உண்டா? காரணம் என்ன? ஒண்ணைக்கூட நாங்க ரோட்டுக்கு அனுப்பல. ஓடறதாலதாம்மா வண்டி கெடுது. இதைக் கண்டுபிடிச்சவன் நான்."

"பிரசவம் காத்துக்கிட்டு இருக்காதுங்களே ஐயா."

"முன்யோசனை இல்லாததாலதான் இந்தக் கஷ்டமெல்லாம் வருது. உங்க பொண்ணு கொஞ்சம் தள்ளிப்போடலாமே" என்றார் ஆணையர். கேலியாகச் சொல்லவில்லை. நல்ல யோசனை சொன்ன திருப்தியோடு தண்ணீர் குடித்தார்.

பேரன் பிறந்த அன்று தையல்காரம்மா கொட்டகையில் நின்றிருந்தாள். போனில் குழந்தை வீல் வீலென்று அழுவது கேட்டது. பிரசவ வார்டில் மகளைத் தவிர எல்லாப் பெண்களுக்கும் பக்கத்தில் ஆள் இருந்ததாம்.

"அம்மா, நீ எங்கம்மா இருக்க?" என்றாள் மகள்.

"வரிசையிலடி" என்றாள் தையல்காரம்மா.

மறுமுனையில் போன் வைக்கப்பட்டது. அதற்குப் பிறகு தையல்காரம்மா அழவும் இல்லை, கெஞ்சவும் இல்லை. வரிசையில் முதல் ஆளாக வந்து நின்று, சுத்தியல் எப்படித் தட்டுகிறார், எதற்கு இறங்கிவருகிறார், எதற்கு இறங்கிவர மாட்டார் என்று பார்த்துக்கொண்டே இருந்தாள். அந்த ஆணையரைப் பழிவாங்காமல் பேரன் முகத்தில் விழிப்பதில்லை என்று அவள் மனசுக்குள் முடிச்சுப் போட்டுவிட்டாள். தையல்காரி போட்ட முடிச்சு லேசில் அவிழாது.

அவளுக்கு வாய்ப்பை ஆணையமே வீடு தேடிக் கொண்டுவந்து கொடுத்தது. ஆண்டுதோறும் நடக்கும் 'பழுதில்லா நாள்' விழா வந்தது. இந்த வருஷம் அதில் ஒரு விசேஷம். இவ்வளவு வண்டிகளை இவ்வளவு பத்திரமாக நிறுத்தி வைத்த திறமையைப் பாராட்டி ஆணையரைப் போக்குவரத்து மந்திரி ஆக்கியிருந்தார்கள். அன்று மாலை தலைநகரத்தில் பதவியேற்பு. விழாவை முடித்துக்கொண்டு அப்படியே தன் சொந்த வீட்டு வண்டியில் கிளம்புவதாக ஏற்பாடு. அவர் கழுத்து நிறைய மாலைகளோடு மைதானத்தைச் சுற்றி வந்துகொண்டிருந்த நேரத்தில், சுத்தியல் கொட்டகைக்கு வந்தார்.

"நீங்க தையக்காரம்மாதானே? ஆணையர் வண்டியில திரை கொஞ்சம் குட்டையா இருக்கு. கீழ ஒரு பட்டி வச்சுக் குடுங்க."

ஆணையரின் வண்டி பளபளவென்று நின்றது. உள்ளே ஏறியதும் ஒன்று கவனித்தாள். அலமாரி ஒரு நிறம், கைப்பிடி ஒரு நிறம், அடுப்பு வேறொரு கம்பெனி. ஜன்னலில் மஞ்சள் வாத்துகள் ஆடின. கடைசி வாத்துக்குச் சிவப்புக் கண். நேற்று சாயங்காலம் வரை அவள் வண்டி ஜன்னலில் தொங்கிய திரை.

"இது என் திரைங்க சார்."

"இருந்தது. திருட்டுப் போயிடக் கூடாதுன்னு முன்கூட்டியே எடுத்துப் பாதுகாக்கறோம். அதுக்குத்தான் விதியில தனிப் பிரிவே இருக்கு."

"அப்ப என் கொழுந்தனையும் முன்கூட்டியே எடுத்துடலாமே?"

சுத்தியல் யோசித்தார். "அவரை யாரும் திருட மாட்டாங்கம்மா" என்றார்.

 பட்டி வைக்க வேண்டும் என்று சொல்லித் தையல்காரம்மா திரையைக் கழற்றிக் கையில் போட்டுக்கொண்டு இறங்கினாள். படிக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து ஊசியில் நூல் கோத்தாள். ஆணையர் வந்து வண்டிக்குள் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டார். ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினார். அவர் முன்னால் மைக் வைத்தார்கள். பத்திரிகைக்காரர்கள் முண்டியடித்தார்கள். வரிசைக்காரர்கள் அத்தனை பேரையும் கைதட்டுவதற்காக ஓட்டிவந்து நிறுத்தியிருந்தார்கள்.

"இந்த மண்ணில் நான் விதைத்தது வண்டிகளை அல்ல, நம்பிக்கையை!" என்று ஆரம்பித்தார் ஆணையர். "இனி ரயில்கள், பேருந்துகள், கப்பல்கள் அனைத்துக்கும் இதே பாதுகாப்பை விரிவாக்குவேன். நாடே அசையாமல் நிற்கும் நாள் தொலைவில் இல்லை!"

கைதட்டல் ஓய்ந்ததும் தையல்காரம்மா எழுந்தாள். முகத்தில் வெகுளித்தனம் வழிந்தது. "ஐயா, தப்பா நினைக்கக் கூடாது. இதுவும் வீட்டு வண்டிதானுங்களே? நீங்க ரொம்ப தூரம் போகணும். கூரையைப் பாத்துட்டாங்களா? உங்களுக்கு ஒண்ணுன்னா எங்களுக்கு யாருங்கய்யா இருக்கா?"

கூட்டம் ஒரு கணம் முழித்தது. அடுத்த கணமே அத்தனை பேருக்கும் விளங்கிவிட்டது. "ஆமா, ஆமா! கூரையைப் பாருங்க!" என்று கூச்சல் கிளம்பியது. வரிசையில் கல்யாணம் செய்துகொண்ட தம்பதிதான் எல்லோரையும்விடச் சத்தமாகக் கத்தினார்கள். பத்திரிகைக்காரர்கள் கேமராவைத் தூக்கினார்கள்.

ஆணையர் சிரித்தார். "சட்டத்தின் முன் எல்லா வண்டியும் ஒன்றுதான்! பரிசோதகரே, தாராளமாகப் பாருங்கள்!" என்று மைக்கில் முழங்கிவிட்டு, சுத்தியலைப் பார்த்துக் கண்ணடித்தார்.

இத்தனை வருஷம் கூடவே வைத்துக்கொண்டிருந்த ஆளை ஆணையருக்குத் தெரியவில்லை. வரிசையில் நின்றே தையல்காரம்மா அவரைத் தெரிந்துகொண்டிருந்தாள். கண்ணடிப்பதைப் பற்றி விதியில் ஒரு வரிகூடக் கிடையாது. ஆகவே சுத்தியல் ஏணியை எடுத்தார்.

துளைக் கருவியின் சத்தத்தில் ஆணையர் முகம் கொஞ்சம் கொஞ்சமாக வெளுத்தது. அவர் தலைக்கு நேர்மேலே ஒரு விரல் முளைத்து அசைந்தது.

"சுமாரான ஒட்டுதான்" என்றார் சுத்தியல் இறங்கிவந்து. "ஓட்டை வேற இருக்கு. வில்லை கிடையாது." ஊழியர்கள் பழக்க தோஷத்தில் மஞ்சள் பட்டையைக் கதவுக்குக் குறுக்கே சரக்கென்று இழுத்து ஒட்டிவிட்டார்கள்.

"யோவ், என்னய்யா பண்றீங்க? உள்ள நான் இருக்கேன்! கதவைத் திற!"

"பட்டை ஒட்டியாச்சுங்க. பிரிக்கணும்னா ஆணையர் தன் ரூம்ல, தன் நாற்காலியில உக்காந்து கையெழுத்துப் போடணும்."

"நான்தான்யா ஆணையர்!"

"பட்டை ஒட்டறவரைக்கும் இருந்தீங்க சார்" என்றார் சுத்தியல் மிகுந்த மரியாதையோடு. பிறகு ஜன்னலுக்குள் கையை விட்டு அவர் மண்டையில் சுத்தியலால் மெல்லத் தட்டிக் கேட்டார். "கட்டில் ஒண்ணு. அடுப்பு ஒண்ணு. ஆணையர் ஒண்ணு. ஓசை... உள்ள காலி."

வாசல் காவலாளி வரைக்கும் எல்லோரும் வேடிக்கை பார்க்க ஓடிவந்துவிட்டார்கள். தையல்காரம்மா மட்டும் எதிர்ப்பக்கம் நடந்தாள். தன் வண்டியின் முன்னால் போய் நின்று, துணி வெட்டும் பெரிய கத்தரிக்கோலை எடுத்து, மஞ்சள் பட்டையை ஒரே வெட்டாக வெட்டினாள். அந்தச் சத்தத்தைப் போல இனிமையான சத்தத்தை அவள் தொழிலிலேயே கேட்டதில்லை. பட்டையை வெட்டினால் சிறைத்தண்டனை உண்டுதான். ஆனால் வழக்குப் போடுவதற்கு ஆணையர் கையெழுத்து வேண்டும். ஆணையர் இப்போது ஒரு பாகம்.

"எழுந்திரு தம்பி! ஸ்டியரிங்கப் பிடி!"

பேட்டரி செத்த வண்டியை வரிசைக்காரர்கள் கூடித் தள்ளினார்கள். கடகடவென்று கொஞ்ச தூரம் போய், இருமி, தும்மி, இன்ஜின் உயிர் பிடித்தது. இந்த வண்டி நகர்ந்ததைப் பார்த்ததும் மற்றவர்களும் அவரவர் வண்டிக்கு ஓடினார்கள். தையல்காரம்மாவின் கத்தரிக்கோல் கைக்குக் கை மாறியது. தள்ளு தள்ளு என்று மைதானம் முழுக்க ஒரே சத்தம். குருவிகள் கூட்டைவிட்டுப் பறந்தன.

ஆணையர் வண்டியைத் தாண்டும்போது கொழுந்தனை நிறுத்தச் சொன்னாள். ஜன்னலில் தெரிந்த முகத்தில் வழுவழுப்பு போய்விட்டிருந்தது.

"அம்மா, தாயே, நீங்க சொன்னா இந்த ஆள் கேப்பான். சாயங்காலம் எனக்குப் பதவியேற்பும்மா. நேரத்துக்குப் போகலேன்னா வேற ஆளைப் போட்டுடுவாங்க. என் வாழ்க்கையே அதுதாம்மா!"

தையல்காரம்மா அவரை நிதானமாகப் பார்த்தாள். மகளின் குரலும் குழந்தையின் அழுகையும் காதில் வந்து போயின. இந்த ஒரு நிமிஷத்துக்காகத்தான் அவள் அத்தனை நாளும் கால் கடுக்க நின்றாள்.

"கொஞ்சம் தள்ளிப்போடலாமே ஐயா" என்றாள்.

வாத்துத் திரையை மடித்து மடியில் வைத்துக்கொண்டு முன்சீட்டில் ஏறி உட்கார்ந்தாள். வழியில் வீட்டுக்குப் போய், முதுகைப் பிடித்துக்கொண்டு காத்திருக்கும் புருஷனை ஏற்ற வேண்டும். மேலே மேகம் கறுத்துக்கொண்டு வந்தது. ஆணையர் வண்டியின் கூரையில் விழுந்த துளையை நினைத்தபோது அவளுக்கு மனசு குளிர்ந்தது.

பின்னால் சுத்தியலின் குரல் கேட்டது. விழாவினால் தாமதமான காலைப் பெயர் கூப்பிடுதலை அவர் முறைப்படி ஆரம்பித்திருந்தார். புதிதாகப் பட்டை ஒட்டிய வண்டியின் முன்னால் நின்று, "உரிமையாளர்?" என்று கேட்டார்.

"இங்கதான்யா இருக்கேன்! உள்ள! உள்ள இருக்கேன்!"

"பாகங்கள் குரல் குடுக்கக் கூடாது சார்."

கொழுந்தன் வேகத்தைக் கூட்டினான். தையல்காரம்மா அவன் தோளைத் தொட்டாள்.

"மெதுவாப் போ தம்பி. அவரு என்ன சொல்றாருன்னு கேட்டுட்டுப் போலாம்."

சுத்தியல் கொஞ்ச நேரம் காத்திருந்து பார்த்தார். பிறகு, "வரவில்லை. முதல் தடவை" என்றார்.